ஒரு பொறியுள் பல பொறிகள்

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சில நாள் முன்னர், கம்பத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து நம் கல்லூரியிற் பயிலும் மாணவர் ஒருவர் எம்மை அணுகி, "ஐயா, வீட்டில் ஒரு சர்வர் அமைக்க எண்ணியிருக்கிறேன். எந்தப் பிராசசர் வாங்கலாம்?" என்று வினவினார். வினா சிறியதே. ஆயினும் யாம் உடனே விடை கூறவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் இதே வினாவை உத்தமபாளையத்து மாணவர் ஒருவர் வினவியபோது, சற்றும் ஆராயாது விடையிறுத்து அவருக்கு நட்டம் விளைத்தோம். அந்நினைவு இன்னும் எம் உள்ளத்தை விட்டு அகலவில்லை. அவ்வரலாற்றைப் பின்னர்க் கூறுவாம்.

கம்பத்து மாணவரின் தந்தையார் குத்தகைக்குப் பன்னீர்த் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். அவ்வாண்டு அறுவடையில் வந்த பணத்தினின்றும் முப்பதினாயிரம் ரூபாயை மகனுக்கென ஒதுக்கி வைத்திருந்தார். பொறியும் அதன் உறுப்புகளும் யாவும் அத்தொகைக்குள் அடங்கவேண்டும். பிழைபட வாங்கிவிட்டால் மறுமுறை வாங்குதற்கு வழியில்லை. மாணவரோ கணினிகளை மேலாளும் பணியிற் புகும் விருப்பமுடையவர். பலருக்கும் பொதுவான கல்லூரிச் சோதனைச்சாலைக் கணினிகளைக் கலைத்தும் கெடுத்தும் மீட்டும் பழகுதல் இயலாதாகலின், தம் வீட்டிலேயே ஒரு பொறியை வைத்துப் பழக எண்ணினார். அத்துடன் குடும்பத்தின் நிழற்படங்களைச் சேமித்து வைத்தலும், தந்தையாரின் திராட்சை வரவு செலவுக் கணக்கை எழுதி வைத்தலும் அவர் நோக்கங்களாம்.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிக் கூறிவிடுதல் நலம். பிராசசரைத் தமிழிற் 'செயலி' என எழுதுவாரும் உளர். கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் மென்பொருளையும் இந்நாளில் அச்சொல்லாலேயே வழங்குவதால், மயக்கம் நேராதிருத்தற்பொருட்டுக் கடைத்தெருவில் வழங்கும் சொல்லையே யாம் மேற்கொண்டோம்.

இனி, மாணவர் அமைக்க விரும்பியது எத்தகைய சர்வர் என்பதை விளக்குவாம். ஒரே பொறியின் மேல் ஐந்தாறு கணினிகள் தனித்தனியே இயங்குவனபோல் தோன்றச் செய்யலாம். ஒன்றில் லினக்ஸ் ஓடும். மற்றொன்றில் விண்டோஸ் ஓடும். வேறொன்று நிழற்படங்களைக் காக்கும். ஒன்று கெட்டால் மற்றவை கெடா. கெட்டதனை அழித்து, முன்னர் எடுத்துவைத்த படியிலிருந்து சில நிமிடங்களில் மீட்டுக்கொள்ளலாம். இவ்வாறு தோன்றும் கணினிகளை மெய்நிகர்க் கணினிகள் என்பர். அவற்றிற்கெல்லாம் மேலாக இருந்து, பொறியின் ஆற்றலைப் பகிர்ந்தளிக்கும் மென்பொருளை ஹைப்பர்வைசர் என்பர்.

இம்முறை புதிதன்று. ஐ.பி.எம். நிறுவனத்தார் அமெரிக்க நாட்டுக் கேம்பிரிட்ஜ் நகரில் 1960-களின் நடுப்பகுதியிலேயே ஒரு பெரும்பொறியைப் பல பொறிகளாகக் காட்டும் வழியைக் கண்டு, 1972-ஆம் ஆண்டில் அதனை வி.எம்./370 என்னும் பெயரால் வெளியிட்டனர். அக்காலத்துப் பொறிகளின் விலை அத்தகையது. ஒருவருக்கு ஒன்று என்பது கனவிலும் இயலாதது. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். 370/155 நிறுவப்பெற்றபோது, துளையிட்ட அட்டைகளைக் கையிற்கொண்டு பலர் அவ்வொரு பொறிக்கே முறை காத்து நின்றனர். 1974-ஆம் ஆண்டில் போப்பெக், கோல்ட்பர்க் என்னும் அறிஞர் இருவர், ஒரு பொறியைப் பலவாகப் பகுத்தற்கு அதன் அமைப்பு எவ்வாறிருத்தல் வேண்டும் என்பதற்கு இலக்கணம் வகுத்தனர். நம் மேசைக் கணினிகளிலுள்ள எக்ஸ்86 இனப் பிராசசர்கள் நெடுங்காலம் அவ்விலக்கணத்திற்குப் பொருந்தாதனவாகவே இருந்தன. மெய்நிகர்க் கணினி தன் எல்லை மீறிச் சில ஆணைகளை இடுங்கால், பிராசசர் அதனைத் தடுத்து ஹைப்பர்வைசருக்கு அறிவித்தல் வேண்டும். அவ்வினப் பிராசசர்களோ சில ஆணைகளில் ஒன்றும் அறிவியாது வேறு விடை தந்து வாளா இருந்துவிட்டன. வி.எம்.வேர் நிறுவனத்தார் 1999-ஆம் ஆண்டில் அவ்வாணைகளை ஓடும்போதே மாற்றியெழுதும் அரிய உத்தியால் இக்குறையை ஒருவாறு கடந்தனர். பிராசசர் ஆக்குவோரே குறையை நீக்கியது அதன் பின்னரே: இன்டெல் நிறுவனம் வி.டி.-எக்ஸ் என்னும் ஏற்பாட்டை 2005-ஆம் ஆண்டின் இறுதியிலும், ஏ.எம்.டி. நிறுவனம் ஏ.எம்.டி.-வி என்பதனை 2006-ஆம் ஆண்டிலும் தம் மேசைக் கணினிப் பிராசசர்களிற் சேர்த்தன. 2007-ஆம் ஆண்டில் கே.வி.எம். என்னும் ஹைப்பர்வைசர் லினக்ஸின் உட்பகுதியாகவே அமைந்தது. எளிய இல்லங்களிலும் இக்கலை புகுந்தமைக்கு இவையே காரணம். மாணவர் தேர்ந்த புராக்ஸ்மாக்ஸ் என்னும் இலவச மென்பொருளும் கே.வி.எம்.மின் மேல் எழுந்ததே.

ஆகவே, பிராசசரில் முதற்கண் நோக்கத்தக்கது விரைவன்று. அஃது இத்தொழிலுக்கு உரிமை பெற்றதா என்பதே. இந்நாளில் விற்கும் பிராசசர்களில் வி.டி.-எக்ஸ், ஏ.எம்.டி.-வி என்பவற்றுள் ஒன்று பெரும்பாலும் இருக்கும். பழையன வாங்குவோர் மட்டும் விழிப்பாயிருத்தல் வேண்டும். வி.டி.-டி என்பது வேறு. வட்டு, நெட்வொர்க் கார்டு முதலிய உறுப்பொன்றை முழுவதும் ஒரே மெய்நிகர்க் கணினிக்கு ஒப்படைத்தற்கு அது வேண்டும். ஏ.எம்.டி. பக்கத்தில் அதனை ஐ.ஓ.எம்.எம்.யு. என்பர். 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டெல் ஐ7-2600 என்னும் பிராசசரில் வி.டி.-டி உண்டு. அதனினும் விலை மிக்க 2600கே-இல் அஃது இல்லை. விரைவை மிகுத்துக்கொள்ள விடும் 'கே' வகைக்குக் கூடுதற் பணம் கொடுத்தவர், தாம் அறியாமலே ஓர் உரிமையை இழந்தனர். விலை மிக்கதில் எல்லாம் அடங்கியிருக்கும் என்று கருதுவார்க்கு இஃதொன்றே போதிய விடை.

அடுத்து, எத்தனை கோர் வேண்டும் என்பது. எல்லோரும் தொடங்குவது இவ்வினாவினின்றே, மயங்குவதும் இங்கேயே. நம் பக்கத்து உவமை ஒன்றால் இதனை விளக்குவாம். 1895-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற முல்லைப் பெரியாற்று அணையின் நீரால், லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் விளைவது கம்பம் பள்ளத்தாக்கினர் நன்கறிந்தது. நீர் குறைந்த நாளில் முறை வைத்து மடை திறப்பர். இன்று மேலைக் காட்டிற்கு. நாளை கீழைக் காட்டிற்கு. ஒருவர் பாய்ச்சாதபோது அவர் பங்கு அடுத்தவருக்குச் செல்லும். பிராசசரின் கோர்களும் அத்தன்மையனவே. ஹைப்பர்வைசர் என்னும் நீர்பாய்ச்சி, ஒரு நொடியை மிகச் சிறு கூறுகளாக்கி, வேண்டும் கணினிக்கு வேண்டும்போது மடை திறக்கிறான். வீட்டுச் சர்வரிலுள்ள கணினிகள் பெரும்பொழுதும் வாளா காத்திருப்பன. நிழற்படம் காக்கும் கணினிக்கு, யாரேனும் படம் அனுப்பும் அந்நிமிடம் தவிர வேலையே இல்லை. ஆதலின் நான்கு கோர்களின் மேல் ஐந்தாறு கணினிகளை அமைத்தல் எளிதே. ஒவ்வொன்றற்கும் இரண்டு கோர் எனக் கணக்கிற் காட்டினும் இடர் இல்லை.

நிலமோ அத்தகையதன்று. நெல் நட்ட வயலில், முறை வைத்து அயலார் நாளை வாழை நடல் இயலாது. அதுபோன்றது ரேம் எனப்படும் நினைவகம். ஒரு கணினிக்கு நான்கு ஜி.பி. கொடுத்தால், அக்கணினி உறங்கினும் விழிப்பினும் அந்நான்கு ஜி.பி.யும் பெரும்பாலும் அதற்கே உரியன. மிஞ்சியதைப் பிறருக்கு வாங்கித் தரும் உத்திகள் சில உள. எனினும் அவற்றை நம்பி வீடு கட்டலாகாது. மாணவரிடம் ஒரு தாளைக் கொடுத்து அவர் வேண்டும் கணினிகளைப் பட்டியலிடச் சொன்னோம். விண்டோஸுக்கு எட்டு, பழகுதற்குரிய லினக்ஸ் இரண்டிற்கும் இரண்டிரண்டு, நிழற்படங்களுக்கு இரண்டு, கணக்கிற்கு ஒன்று. கூட்டினால் பதினைந்து. ஹைப்பர்வைசருக்கென இரண்டு சேர்த்தால் பதினேழு. கடையிற் கிடைக்கும் அளவுகளில் 16 ஜி.பி. போதாது, 32 ஜி.பி. போதும். பிராசசரைப் பற்றி ஒரு சொல்லும் பேசுமுன்னரே பணத்தில் ஒரு பெரும்பங்கு இவ்வாறு ரேமிற்குச் சென்றுவிட்டது. அதிலும் 2025-ஆம் ஆண்டின் இறுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான பெருங்கூடங்கள் நினைவகத்தை வாரிக்கொண்டமையால், அதன் விலை உலகெங்கும் பெரிதும் ஏறிற்று. எமது மாணவர் சந்தைக்குச் சென்றது சரியாக அவ்வேளையில்.

இனி உத்தமபாளையத்து மாணவரின் வரலாறு. அவர் வினவியபோது யாம், கோர் மிகுந்தது எதுவோ அதுவே சர்வருக்கு ஏற்றது என்று கூறினோம். அவரும் எம் சொல்லை நம்பிப் பதினாறு கோர் கொண்ட பிராசசர் ஒன்றை வாங்கினார். பணத்திற் பெரும்பகுதி அதிலேயே தீர்ந்தது. ரேம் 8 ஜி.பி. மட்டுமே வாங்க முடிந்தது. அப்பிராசசரில் திரையில் காட்டும் பகுதி இல்லை என்பதை வீட்டிற்கு வந்த பின்னரே அறிந்து, பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைத் தேடிச் சேர்த்தார். அந்தக் கார்டு வேலையற்ற பொழுதிலும் மின்சாரம் உண்டது. இரண்டு கணினிகளைத் தொடங்கியவுடனே நினைவகம் நிரம்பிப் பொறி திணறியது. பதினாறு கோர்களோ வேலையின்றிக் கிடந்தன. இரு திங்கள் கழித்து மின்கணக்கு வந்தது. அவர் தந்தையார், "ஏப்பா, இது ராவும் பகலும் ஓடணுமா?" என்று கேட்டாராம். அதன்பின் இரவில் நிறுத்தி வைத்தனர், பின்னர்ப் பகலிலும். நான்காம் திங்களில் வாங்கிய விலையிற் பாதிக்கு அதனை விற்றுவிட்டார். அவர் எம்மைக் குறைகூறவில்லை. கூறியிருந்தால் எம் மனம் சிறிது ஆறியிருக்கும்.

அத்தந்தையாரின் வினாவே இப்பொருளில் தலையாய வினா என்பதைப் பின்னர் உணர்ந்தோம். சர்வர் என்பது இராப்பகல் ஓடுவது. இரு திங்களை அறுபது நாளாகக் கொண்டால் 1,440 மணி நேரம். இடைவிடாது 70 வாட் உண்ணும் பொறியொன்று அக்காலத்தில் ஏறத்தாழ 101 யூனிட் மின்சாரம் செலவிடும். தமிழ்நாட்டில் 2016-ஆம் ஆண்டில், வீடுகளுக்கு இரு திங்கட்கு முதல் 100 யூனிட் கட்டணமின்றி அளிக்க அரசு ஆணையிட்டது. எளிய குடும்பங்கள் பெருமதிப்பாகக் கருதிய அந்நூறு யூனிட்டையும் மூலையில் நிற்கும் ஒரு பெட்டியே தின்றுவிடும் என்றால், வீட்டார் அதனைப் பொறுப்பரோ? பயன்பாடு ஏறயேற யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறுவதனால், விளக்கும் விசிறியும் மிக்சியும் உண்ணும் மின்சாரமும் அக்காரணத்தால் விலை மிகும். அதே வேலையை 20 வாட்டிற் செய்யும் பொறி இரு திங்களில் உண்பது 29 யூனிட்டே.

இங்கு ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். பிராசசரின் பெட்டியில் 65 வாட் என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு, அஃது எப்பொழுதும் 65 வாட் உண்ணும் என்று பலர் கருதுவர். அவ்வெண் வெப்பத்தை அகற்றும் ஏற்பாட்டிற்காகக் குறித்தது. இன்டெல் ஐ5-12400 அடிப்படையில் 65 வாட் எனக் குறிக்கப்பெற்றிருப்பினும், முழு விரைவில் ஓடுங்கால் 117 வாட் வரை செல்லும். வேலையற்றபோதோ மிகச் சிறிதே உண்ணும். வீட்டுச் சர்வர் நாளின் பெரும்பகுதியை வேலையற்றே கழிப்பதால், உச்சத்தில் உண்பதைவிட ஓய்வில் உண்பதே கணக்கை முடிவு செய்யும். இதில் அமைப்பும் ஒரு காரணம். ஏ.எம்.டி.யின் ரைசன் 3000, 5000 வரிசைகளிற் பெரும்பாலான மேசைக் கணினிப் பிராசசர்கள் பல சில்லுகளை ஓரிடத்தில் இணைத்து ஆக்கப்பெற்றவை. அவற்றுள் உள்வரவு வெளிச்செலவுக்கெனத் தனிச் சில்லொன்று எந்நேரமும் விழித்திருத்தலால் ஓய்விலும் சில வாட் மிகுதியாகும். 5600ஜி, 5700ஜி என்பன ஒரே சில்லால் ஆயினவாதலின் ஓய்வில் அடங்கியிருக்கும். திரைக்குரிய பகுதியும் அவற்றுள்ளேயே உண்டு. இன்டெல் பக்கத்தில் பெயரின் இறுதியில் 'எஃப்' என்னும் எழுத்து இருந்தால் அப்பகுதி இல்லையெனக் கொள்க. விலை சற்றுக் குறைவென்று அதனை வாங்குவோர் பின்னர்க் கார்டுக்கும் மின்சாரத்திற்குமாக அதனினும் மிகுதியாகச் செலவிடுவர்.

மின்சாரம் நின்றுபோதலையும் எண்ணவேண்டும். மாதந்தோறும் பராமரிப்புக்கென நிறுத்துவது ஒருபுறம்; ஐப்பசி கார்த்திகையில் இடியும் மழையுமாகத் திடீரென நிற்பது மற்றொரு புறம். எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால் ஐந்து கணினிகளின் வட்டுகளும் ஒருங்கே கெடக்கூடும். சிறிய யு.பி.எஸ். ஒன்று போதும், ஆனால் 70 வாட் பொறியை அது தாங்கும் நேரத்தினும் 20 வாட் பொறியை நெடுநேரம் தாங்கும். யு.பி.எஸ்.ஸிலிருந்து ஒரு கம்பியைச் சர்வருடன் இணைத்து, மின்கலம் குறையுங்கால் எல்லாக் கணினிகளையும் முறையாக நிறுத்தும்படி மென்பொருளுக்குக் கற்பித்துவிடலாம். மின்சாரம் மீண்டவுடன் தானே எழும்படி பயாஸில் குறிக்கவும் இடமுண்டு. வெப்பமும் புழுதியும் வேறு. ஆடிமாதக் காற்று கணவாய் வழியே இறங்குங்கால் தேனியைச் சுற்றியுள்ள காற்றாலைகளுக்கு அது நல்விருந்து. வீட்டிலுள்ள பொறியின் விசிறிக்கோ பகை. சூடு குறைந்த பிராசசருக்குச் சிறிய விசிறி, மெல்லிய சுழற்சி, குறைந்த புழுதி என எல்லாம் ஒன்றைத் தொடர்ந்து ஒன்றாக நன்மை பயக்கும்.

புதியனவற்றைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். இன்டெல் 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட பன்னிரண்டாம் தலைமுறை முதல், பல பிராசசர்களில் பெருங்கோர், சிறுகோர் என இருவகைக் கோர்கள் கலந்துள்ளன. லினக்ஸைச் சார்ந்த ஹைப்பர்வைசர்கள் இவற்றை ஒருவாறு ஆள்வன. வி.எம்.வேரின் ஹைப்பர்வைசரோ சமமற்ற கோர்களைக் கண்டவுடன் தொடக்கத்திலேயே நின்றுவிடுவதுண்டு. தனி ஆணை கொடுத்தே அதனை ஓட்டுதல் வேண்டும். ஐ5-12400-இல் ஆறும் பெருங்கோர்களே ஆதலின் அத்தொல்லை இல்லை. மற்றொன்று, பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறைகளில் ஆற்றல் மிக்க சில பிராசசர்கள் அளவிற்கு மீறிய வோல்டேஜால் நாளடைவில் நிலைகுலைவதை இன்டெல் 2024-ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தையும் இரண்டாண்டு நீட்டியது. அவற்றைப் பழையனவாக வாங்குவோர், திருத்தம் பெறாமல் எத்தனை திங்கள் ஓடியது என்பதை அறிய வழியில்லை. இராப்பகல் ஓட வேண்டிய பொறிக்கு அத்தகையதைத் தேர்தல் தகாது.

நினைவகத்தின் பிழைகளைத் தானே திருத்திக்கொள்ளும் ஈ.சி.சி. ரேம் வேண்டுமா என்றும் மாணவர் வினவினார். இதனைக் கேட்டபோது எமக்குப் பொட்டிப்புரம் நினைவிற்கு வந்தது. விண்வெளியிலிருந்து ஓயாது பொழியும் காஸ்மிக் கதிர்களினின்றும் விலகி நியூட்ரினோக்களை ஆராயும்பொருட்டே, போடி மேற்கு மலையில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் பாறையின் அடியில் ஓர் ஆய்வுக்கூடம் அமைக்கத் திட்டமிட்டனர். 2015-ஆம் ஆண்டில் மத்திய அமைச்சரவை இசைவளித்தும், மக்களின் எதிர்ப்பாலும் வழக்குகளாலும் அது தடைப்பட்டது. அவ்வறிஞர் அஞ்சிய அதே கதிர்களால் எழும் துகள்களே, எப்போதேனும் நம் கணினியின் நினைவகத்தில் ஓர் எண்ணைப் புரட்டிவிடுவதுமுண்டு. அதனைக் காத்தற்கு ஈ.சி.சி. பயன்படும். ஆனால் மேசைக் கணினிக்கான இன்டெல் பிராசசர்களிற் சிலவற்றிற்கே, அதுவும் டபிள்யூ680 போன்ற சிறப்புச் சிப்செட் உள்ள மதர்போர்டில்தான், அது வாய்க்கும். ஏ.எம்.டி.யில் மதர்போர்டு இடந்தந்தால் பல ரைசன்களில் இயலும். மேற்கூறிய 5600ஜி போன்றவற்றில் இயலாது. முப்பதினாயிரத்திற்குள் இதற்கு இடமில்லை. நிழற்படங்களை வேறொரு வட்டிலும் படியெடுத்து வைப்பதே அவருக்கு ஏற்ற காப்பு என்று கூறி, அதனை விட்டுவிட்டோம்.

இவ்வாறு கழித்துக் கழித்து வந்தபோது எஞ்சியவை மூன்று. முதலாவது, இன்டெல் என்100. நான்கு சிறுகோர், 6 வாட் குறியீடு; மின்சாரத்தில் இதனை வெல்வது அரிது. ஆனால் ஒரே நினைவக வழியும், 16 ஜி.பி. என்று ஆக்கியோரே குறித்த எல்லையும் உடையது. நிழற்படமும் கணக்கும் மட்டும் போதுமென்றால் இதனையே பரிந்துரைத்திருப்போம். கற்க விரும்புவார்க்கு இது விரைவில் குறுகும். இரண்டாவது, புதிய ஐ5-12400 அல்லது 5600ஜி. இரண்டும் ஆறு கோர், பன்னிரண்டு இழை, இரண்டும் நல்லன. புதிய மதர்போர்டு, பெட்டி, மின்வழங்கி, விலையேறிய ரேம் யாவற்றையும் கூட்டினால் கையிருப்பைக் கடந்தன. மூன்றாவது, அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய பொறி. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிவந்த பொது ஆதரவு முடிவுற்றமையால், பழைய பொறிகள் பல சந்தைக்கு வந்தன. ஏழாம் தலைமுறையும் அதற்கு முற்பட்டனவும் பெரும்பாலும் விண்டோஸ் 11-க்கு ஏலா. ஆயினும் புராக்ஸ்மாக்ஸுக்கு அவை குறைவற்றனவே. எட்டாம் தலைமுறை இரண்டிற்கும் ஏற்கும்.

மதுரையில் பழைய கணினி விற்கும் கடையொன்றில், 2018-ஆம் ஆண்டைச் சார்ந்த ஐ5-8500 கொண்ட சிறிய அலுவலகப் பொறி ஒன்றை மாணவர் கண்டுபிடித்தார். ஆறு கோர், வி.டி.-எக்ஸ், வி.டி.-டி இரண்டும் உண்டு. திரைக்கு வேறு கார்டு வேண்டா. 16 ஜி.பி. ரேமுடனே வந்தது. விலையேற்றம் பழைய ரேமையும் தொட்டிருந்தபோதிலும், மேலும் 16 ஜி.பி. சேர்க்கப் பணம் இடந்தந்தது. எஸ்.எஸ்.டி. ஒன்றும், நிழற்படத்திற்கு ஒரு ஹார்ட்டிஸ்க்கும், சிறிய யு.பி.எஸ். ஒன்றும் வாங்கியபின் பேருந்துக் கட்டணத்திற்கு மேல் சிறிது மிஞ்சியது என்று எழுதியிருந்தார். ஏழாண்டுப் பழமையுடைய பொறியைப் பரிந்துரைக்க எமக்குச் சற்றுத் தயக்கமே. அதன் மின்வழங்கியோ விசிறியோ எந்நாளும் பழுதாகலாம். 2018-ஆம் ஆண்டில் வெளிப்பட்ட பாதுகாப்புக் குறைகளுக்கான திருத்தங்களை ஏற்றுதலும் இன்றியமையாதது. இவற்றையெல்லாம் அவரிடம் மறைக்கவில்லை.

பொங்கல் முடிந்த மறுநாள் மாலையில் அவர் தொலைபேசியில் அழைத்தார். குரலில் கலக்கம் இருந்தது. புராக்ஸ்மாக்ஸ் நன்கு ஏறிவிட்டது. ஆனால் எந்தக் கணினியும் தொடங்க மறுக்கிறது. பிராசசருக்கு அவ்வாற்றல் இல்லையெனத் திரையில் எழுதுகிறது. அப்பா பக்கத்தில் நிற்கிறார் என்றார். எமக்கும் ஒரு கணம் நெஞ்சு திடுக்கிட்டது. பின்னர், அலுவலகப் பொறிகளில் அவ்வேற்பாட்டைப் பயாஸில் அணைத்து வைக்கும் வழக்கம் நினைவிற்கு வந்தது. பொறியை நிறுத்தி, மீண்டும் இயக்கி, பயாஸினுட் சென்று, வெர்ச்சுவலைசேஷன் என்னும் சொல் உள்ள இரு வரிகளையும் தேடி இயக்கி வைக்கச் சொன்னோம். சிறிது நேரம் தொலைபேசியில் விசிறியின் ஓசை மட்டும் கேட்டது. பிறகு, "வந்துருச்சு, ஐயா" என்றார்.